தெரிந்தும் பேசாதிருத்தல்



ஐந்தாம் கற்பனையைப் பற்றிப் பிரசங்கம் என்றால் உங்களில் அநேகர் சாவதானமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறீர்கள். நாம் யாரையும் கொல்லவில்லையே, இது நமக்கு அல்ல என்பது உங்கள் எண்ணம். இன்று நான் சொல்ல வந்தது கொல்பவனைப் பற்றியல்ல. அவன் கொல்லப்போகிறான் என்று தெரிந்தும் வாய் திறவாதிருந்தவர்களைப் பற்றி.

அமெரிக்க தேசத்தில் ஜனாதிபதிக்குக் காவல் புரியும் இலாகாவும் கல்வி இலாகாவும் சேர்ந்து 2002-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை பள்ளிக்கூடங்களில் நடந்த 37 தாக்குதல்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். தாக்கியவர்கள் 41 பேர். எல்லோரும் அங்கே படித்த, அல்லது படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். நூற்றுக்கு 81 சம்பவங்களில், தாக்குதலுக்கு முன்னமே குறைந்தது ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருந்தது. தெரிந்தவர் யார்? பெரும்பாலும் கூடப் படித்தவன், சிநேகிதன், உடன்பிறந்தவன். தாக்கியவர்களில் நூற்றுக்கு 71 பேர் தாங்கள் பிறரால் அவமதிக்கப்பட்டதாகவோ துன்புறுத்தப்பட்டதாகவோ நினைத்துப் புழுங்கியவர்கள். இன்ன குடும்பத்தான், இன்ன குணத்தான் இப்படிச் செய்வான் என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை என்பதையும் அந்த அறிக்கை கண்டது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆதியிலே காயீன் கேட்ட கேள்வியை நினைத்துப் பாருங்கள். தம்பிக்கு நானா காவல் என்று அவன் கேட்டது கொலைக்குப் பிற்பாடு. நாமோ அதைக் கொலைக்கு முன்னமே கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உறங்கப் போகிறோம்.

இதற்குப் பரிகாரம் தேடித்தான் அமெரிக்க அரசாங்கம் 2021-ல் தன் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவில் ஒரு தனி மையத்தை ஏற்படுத்திற்று. ஊராட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்கும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் மானியம் கொடுத்தார்கள். பணத்தை விட அதன் முறைதான் எனக்குப் பிடித்தது. ஒரு வாலிபனின் போக்கு பயமூட்டினால், ஆசிரியர், மனநல வைத்தியர், சமூக ஊழியர், போலீஸ் அதிகாரி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, இவனுக்கு என்ன குறை, யார் சொன்னால் கேட்பான் என்று விசாரிப்பார்கள். விலங்கு மாட்டும் வேளை வருமுன்னே அவனை மீட்டுக்கொள்ளப் பார்ப்பார்கள். 2025-ல் அந்த மையத்தின் ஆட்கள் வெகுவாய்க் குறைக்கப்பட்டார்கள். பல மானியங்களும் நின்றுபோயின. ஆட்சி மாறினால் கணக்கும் மாறும். சர்க்கார் காரியம் அப்படித்தான்.

குறை சொன்னவர்களும் உண்டு, காரணத்தோடுதான். 2014-ல் இதே நோக்கத்தோடு பாஸ்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், மினியாபொலிஸ் ஆகிய நகரங்களில் தொடங்கிய முயற்சி, இஸ்லாமியரை மட்டுமே உற்றுப் பார்க்கிறது என்ற மனக்கசப்பை உண்டாக்கிற்று. மினியாபொலிஸில் சோமாலிய இளைஞருக்காக உழைக்கும் ஒரு சங்கம், தனக்கென்று வந்த ஏறக்குறைய 5 லட்சம் டாலரை 2017-ல் வேண்டாம் என்று மறுத்துவிட்டது. ஏழைச் சங்கம் ஒன்று அவ்வளவு பணத்தைத் தள்ளிவிடுவதென்றால், அவமானம் எவ்வளவு ஆழமாய்த் தைத்திருக்க வேண்டும்! அயலானைப் பற்றி ஆதாரமின்றிச் சந்தேகம் கிளப்புவது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பாவம் என்று ஞான உபதேசத்தில் படித்தவர்கள்தானே நாம்?

அப்படியானால் அந்நியனுக்குக் கதவைத் திறப்பதா, அடைப்பதா? டெக்சாஸ் மாகாணத்தில் காலிவில் என்ற ஊர். 2022 ஜனவரி 15, சனிக்கிழமை. குளிரில் வந்து கதவைத் தட்டிய ஒருவனை யூத ஜெபக்கூடத்துக்குள் அழைத்து, அதன் ரபி சார்லி சைட்ரன்-வாக்கர் தேநீர் போட்டுக் கொடுத்தார். ஜெபவேளையில் அவன் துப்பாக்கியை எடுத்தான். ரபியோடு சேர்த்து நான்கு பேர் சிறைப்பட்டார்கள். மாலையில் ஒருவரை விட்டுவிட்டான். சுமார் 11 மணி நேரம் சென்றபின், ரபி ஒரு நாற்காலியைத் தூக்கி அவன்மேல் எறிந்துவிட்டு மற்ற இருவரோடும் தப்பி ஓடினார். பிணையாளிகள் நால்வரும் உயிர் பிழைத்தார்கள். போலீசாரும் பிறரும் முன்னமே கொடுத்திருந்த பயிற்சிதான் தம்மைக் காத்தது என்றார் ரபி. வழிபாட்டு இடங்களுக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்கும் கதவு, காமரா, காவல் ஏற்பாடுகளுக்காக அங்கே 2005 முதல் அரசாங்க உதவி நடந்து வருகிறது. 2022-ல் அது 25 கோடி டாலராக உயர்ந்தது. நான் வியப்பது வேறொன்று. தேநீர் கொடுத்த கைதான் நாற்காலியையும் எறிந்தது. தேநீரைக் கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

நம் கடலுக்கு அக்கரையில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அர்ச். அந்தோனியார் கோவில், கட்டுவாப்பிட்டி அர்ச். செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பு சீயோன் கோவில், கொழும்பு ஓட்டல்கள். மாண்டவர்கள் 260-க்கு மேல். காத்தான்குடி இஸ்லாமியரே அந்தப் போதகனைப் பற்றி அதிகாரிகளிடம் முன்னமே முறையிட்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்தும் எச்சரிக்கை போயிருந்தது. பூசைக்குப் புறப்பட்ட தாய்மாருக்கு மாத்திரம் ஒருவரும் சொல்லவில்லை. ஜனாதிபதியாயிருந்தவரும் உயர் அதிகாரிகளும் கடமை தவறினார்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்து, நஷ்ட ஈடு கட்டச் சொல்லிற்று. கொடுத்த பணத்தால் எந்தப் பிள்ளை எழுந்து வந்தது?

நம் பங்கிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்பு பூசையில் உதவிய பையன் இப்போது ஒருவரோடும் பேசுவதில்லை. இரவெல்லாம் போனில் யாரோ ஊட்டும் பகையைக் கேட்டுக் கிடக்கிறான். தாய்க்குத் தெரிகிறது. ஊர் என்ன சொல்லுமோ என்று மறைக்கிறாள். அம்மா, மறைக்காதே. பாவசங்கீர்த்தனத்தில் நீ சொல்வதை நான் ஒருவரிடமும் சொல்லக்கூடாது. அது முத்திரையிட்ட இரகசியம். ஆகையால் பையனுடைய காரியத்தை அங்கே சொல்லாதே. சாமியார் பங்களாவுக்கு வா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் அங்கேதான் இருப்பேன். முதலில் அவனோடு நான் பேசிப் பார்க்கிறேன். வைத்தியர் வேண்டுமானால் கூடவே வருகிறேன். ஓர் உயிருக்கே ஆபத்து என்று கண்டால் போலீசுக்கும் போவேன். அதையும் உன்னிடம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.