பரபக்கத்தின் கடன்

ஐம்பெருங்காப்பியங்களில் குண்டலகேசியும் ஒன்று என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஆனால் நூல் இல்லை. கிடைத்தவை 19 பாடல்கள்தாம். அந்தப் பௌத்தக் காப்பியம் என்ன வாதாடியது என்று அறிய, அதை மறுக்கவே எழுந்த நீலகேசி என்னும் சமண நூலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. மறுக்கப்படும் பாடல்கள் பலவற்றின் முதற்குறிப்புகளை உரைகாரர் சமயதிவாகர வாமன முனிவர் எடுத்துக் காட்டியிருக்கிறார். தொலைந்துபோன வீட்டுப் பத்திரத்தின் நகல் எதிராளியின் பரணில் கிடைத்த கதை இது.

அந்த நகலை எவ்வளவு நம்பலாம்? நீலகேசியில் புத்தரே வாதத்தில் தோற்கிறார். இரு தரப்புக்கும் ஒருவரே வசனம் எழுதினால் முடிவு வேறு எப்படி இருக்கும்!

பிறர் கொள்கையை எடுத்துச் சொல்பவருக்கு உள்ள பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம் (பிறர் கட்சி), சுபக்கம் (தன் கட்சி) என இரண்டாகப் பகுத்தார். பரபக்கத்தில் 14 மதங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் முதலில் தன் கட்சியைச் சொல்லும். பிறகு மறுதலை வரும். முதல் ஆளாகப் பேச வருபவன் கடவுளையும் மறுபிறவியையும் மறுக்கும் உலகாயதன். ஒரு சைவ சாத்திரம் நாத்திகனுக்கு முதல் இடம் தருவது சிறிய காரியமல்ல.

தவறென்று தெரிந்த கொள்கைக்கு நாமே மேடை போட்டுத் தருவானேன் என்று கேட்கலாம். பழைய ஆசிரியர்கள் அப்படி நினைக்கவில்லை. பிறர் கொள்கையை ஏற்பதுபோல் எடுத்துக்கொண்டு பிறகு களைவதை, நூலாசிரியர் கைக்கொள்ளும் எழுவகை மதங்களில் ஒன்றாகவே நன்னூல் வைத்திருக்கிறது. வைக்கோல் பொம்மையை வெட்டிச் சாய்ப்பவர் யாரையும் வெல்லவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மணிமேகலை இதற்கு நல்ல சான்று. வஞ்சி நகரில் தவமுனிவன் வேடத்தில் சமயவாதிகளிடம் போகும் அவள், பெரும்பாலும் கேட்டுக்கொண்டே நகர்கிறாள். கண்கூடாகக் காண்பதே உண்மை என்கிற பூதவாதியிடம் மட்டும் சிரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறாள்: அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய்? அவனுடைய விதியை அவன் சொன்னபடியே பிடித்துக்கொண்டதால்தான் அந்தக் கேள்வி தைக்கிறது. விதியை அவள் கொஞ்சம் திரித்திருந்தாலும், நான் அப்படிச் சொல்லவில்லையே என்று அவன் நழுவியிருப்பான்.

எதிர்ப் பிழையும் உண்டு. அடுத்தவர் வாதத்தை அவரைவிடச் செம்மையாக்கித் தருகிறேன் என்று கிளம்பி, அவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பது. பெருந்தன்மைபோலத் தெரியும், உண்மையில் அதுவும் அவரைப் பேசவிடாமல் செய்வதுதான். நீங்கள் சொல்வது இதுதானே என்று கேட்டு, அவர் ஆமாம் என்ற பிறகு மறுப்பைத் தொடங்குவதே நேர்மை.

ஆமாம் சொல்ல ஆள் இல்லாதபோதுதான் சிக்கல். உலகாயதரின் மூலநூல்கள் அழிந்துவிட்டன. 1940இல் பரோடாவில் அச்சான ஜயராசியின் தத்துவோபப்லவசிம்மம் என்னும் நூலை அவர்கள் கணக்கில் சேர்க்கலாமா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. 1959இல் லோகாயதம் பற்றிய நூலை வெளியிட்ட தேவிபிரசாத் சட்டோபாத்யாயா, பெரிதும் பகைவர் சொற்களிலிருந்தே அந்த மரபை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. கடன்பட்டாவது நெய்யுண்ணச் சொன்னவர்கள் என்ற கிண்டல்தான் பலருக்கும் நினைவிருக்கிறது. இல்லாதவன் கட்சியை எடுத்துரைப்பவர் வழக்காளி மட்டுமல்லர், சாட்சியும் அவரே.

பரபக்கத்தைப் படிக்க எடுப்பவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். மறுதலையைக் கையால் மறைத்துக்கொண்டு முதற்பகுதியை மட்டும் படியுங்கள். பேசுபவன் உலகாயதன்தானா, அவன் வேடம் கட்டிய சைவரா என்று நீங்களே சொல்லுங்கள்.