வீட்டில் விட்டுவந்த மூக்குக்கண்ணாடி

படுவான்கரை வீடொன்றில் அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை என்றால், குடும்பமே வாவியைத் தாண்ட வேண்டும். போதனா வைத்தியசாலை மட்டக்களப்பு நகரில். 2014இல் பாலம் திறக்கும்வரை மண்முனையில் படகுப்பாதைதான்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. போக்குவரத்தும் இழந்த நாட்கூலியும்தான் கையைக் கடிக்கும். பைக்குள் சாரம், துவாய், பிளாஸ்க், கிளினிக் கொப்பி எல்லாம் போகும். மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் மட்டும் தொலைந்துவிடும் என்ற பயத்தில் அலுமாரியிலேயே தங்கிவிடும்.

இரண்டாம் இரவு அப்பா பெற்ற மகளையே யாரென்று கேட்கிறார், சேலைன் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். ‘மயக்க மருந்து மூளையைக் கெடுத்துப்போட்டுது’ என்பார்கள் உறவினர். மருந்துக்கும் பங்குண்டு, ஆனால் நோவு, கிருமித்தொற்று, நீரிழப்பு, தூக்கக்கேடு எல்லாம் சேர்ந்து முதியவர்களுக்குத் தரும் திடீர்க் குழப்பம் இது. டெலிரியம் என்கிறது மருத்துவம்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஷாரன் இனோய் குழு, மருத்துவ விடுதிகளில் சேர்ந்த 70 வயதும் அதற்கு மேலுமான 852 பேரைக் கவனித்து 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதத்தினருக்குக் குழப்பம் வந்தது. மற்றக் குழுவில் 9.9 சதவீதத்தினருக்கே. அந்தக் குழுவுக்குக் கிடைத்தவை? கண்ணாடி, காதுக்கருவி, போதிய தண்ணீர், கொஞ்ச நடை, இரவில் இளஞ்சூடான பானம், இன்று என்ன நாள், இது எந்த இடம் என்று நினைவூட்டும் பேச்சு. இதில் எதற்கும் மருந்துச்சீட்டு வேண்டாம்!

வாட்டில் துணைக்கு நிற்பவர் பேச்சில் தடுமாற்றம் கண்டால், விடியட்டும் என்று இருக்காமல் தாதியிடம் அப்போதே சொல்ல வேண்டும். இரத்தத்தில் சீனி குறைந்திருந்தாலும் இப்படித்தான் தொடங்கும்.