பெயரில்லாத பத்துப் பேர்

எவர்சில்வர் வெல்டிங் செய்பவரின் இடுப்பில் ஒரு சின்னப் பம்பு. அதிலிருந்து மேலேறும் குழாயின் நுனியில், முகக்கவசத்துக்கு உள்ளே, மூக்கை ஒட்டி ஒரு வடிதாள். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் எட்டு மணி நேரம் இழுத்தாலும் ஒரு கன மீட்டர் காற்று முழுதாகத் தேறாது. வெல்டிங் புகையிலிருந்து வடிதாளில் படிந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை ஆய்வகம் அளந்து, காற்றின் கனஅளவால் வகுத்து ஓர் எண்ணைத் தருகிறது.

அந்த எண் எவ்வளவு இருக்கலாம்? அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ‘ஓஷா’ 2006இல் உச்சவரம்பைக் கன மீட்டருக்கு 52 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. பெரிய குறைப்புதான். ஆனால், இந்த ஐந்திலேயே 45 ஆண்டுகள் வேலை பார்க்கும் ஆயிரம் பேரில் 10 முதல் 45 பேர் வரை கூடுதலாக நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாகலாம் என்று அதே அமைப்பு கணக்கிட்டு எழுதியும் வைத்தது. இன்னும் இறக்கினால் ஆலைகளுக்குக் கட்டுப்படியாகாது என்பது அது சொன்ன காரணம்.

இது கொலையா?

கொலை என்றால் செய்தவர் வேண்டும், செத்தவர் வேண்டும், கொல்லும் எண்ணமும் வேண்டும். இங்கே மூன்றும் கைக்கு அகப்படவில்லை. நோய் வந்தவரைக் காட்டினால் சிகரெட்டைக் காரணம் சொல்லிவிடலாம்.

ஆளைக் காட்ட முடியாத சாவைப் பற்றிப் பழைய ஏற்பாட்டில் ஒரு விதி உண்டு, உபாகமம் 21ஆம் அதிகாரத்தில். வயல்வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது. கொன்றவன் யாரென்று தெரியவில்லை. மூப்பர்கள் பிணத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். மிக அருகிலுள்ள ஊரின் மூப்பர்கள், நுகத்தடி படாத ஒரு கிடாரியின் கழுத்தை முறித்து, அதன்மேல் கை கழுவி, தாங்கள் இரத்தம் சிந்தவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். குற்றம் செய்யாதவர்கள் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார்கள்? அருகில் இருப்பதே ஒரு பொறுப்பு என்று அந்த விதி கருதுகிறது. பொறுப்பு யாருடையது என்று காட்டத்தான் அங்கே அளவுகோல்.

நெடுஞ்சாலையிலும்தான் ஆண்டுதோறும் ஆட்கள் சாகிறார்கள், சாலையை மூடிவிட முடியுமா என்று பொருளியலாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சாலையின் பயன் அதில் போகிறவருக்கும் கிடைக்கிறது. பட்டறையில் நுரையீரல் ஒருவருடையது, லாபம் பெரும்பாலும் இன்னொருவருடையது. ஆபத்தைத் தெரிந்து ஏற்பதற்காவது அந்த எண் வெல்டருக்குத் தெரிய வேண்டாமா?

2006 விதியில் அதுவும் இல்லை. வரம்பைத் தாண்டினால் மட்டும் சொன்னால் போதும். அதை எதிர்த்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 2010இல் ஓஷா அதைத் திருத்தியது. வடிதாளில் 3 என்று வந்தாலும் முதலாளி இப்போது அதைத் தொழிலாளிக்குத் தெரிவித்தாக வேண்டும்.