கணினியும் கல்வியின் அறமும்

ஒரு கருவி நல்லதா, தீயதா என்று கேட்பதிற் பெரும் பயனில்லை. அது யார் கையில் இருக்கிறது, யார் கைக்கு எட்டாமற் போகிறது என்பதே சமுதாய நோக்குடையோர் கேட்க வேண்டிய கேள்வி. வகுப்பறைக்குள் கணினி புகுந்துவிட்ட இந்நாளில், அதனை வானளாவப் புகழ்வோரும் உளர். ஆசிரியரை விழுங்க வந்த பூதமென அஞ்சுவோரும் உளர். இரு சாராரும் கருவியையே நோக்குகின்றனர். கற்கும் பிள்ளையை நோக்குவோர் சிலரே.

மட்டக்களப்பு வாவி நம் மண்ணை இரண்டாக வகுத்திருக்கிறது. கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. 1814இல் தோன்றிய மெதடிஸ்த மத்திய கல்லூரி புளியந்தீவு நகரில் அமைந்தது. விபுலானந்த அடிகள் 1929இல் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் கல்லடி உப்போடையில் எழுந்தது. நெல் விளைத்து நகருக்கு ஊட்டிய படுவான்கரையோ போரின் வடுக்களையும் காட்டு யானைகளின் தொல்லையையும் சுமந்து நின்றது. வாவியைக் கடப்பதே அக்கரைப் பிள்ளைகள் பலருக்குக் கல்வியின் முதற் பாடமாயிற்று.

இத்தகைய பிள்ளைகளுக்காகவே 1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா முதலியோர் போராடிப் பெற்ற அத்திட்டத்தின் சாரம் ஒன்றே: தந்தையின் மடியிலுள்ள பணம் பிள்ளையின் அறிவுக்கு எல்லையாகலாகாது.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வாட்ஸ்அப் வழியாகவும் சூம் வழியாகவும் வரத் தொடங்கின. அன்று, எந்தச் சட்டமும் இயற்றப்படாமலே, கட்டணம் மீண்டும் கல்விக்குள் நுழைந்தது. கைத்தொலைபேசியைப் பெற்றோர் வாங்க வேண்டும்; டேட்டாவுக்கும் அவர்களே பணம் கட்ட வேண்டும். ஒரு தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிடும் வீட்டில் எவர் பாடத்தை முதலிற் கேட்பது? கூலிக்குச் செல்லும் தந்தை அதனைக் கையோடு எடுத்துச் சென்றால் மற்றவர் என் செய்வது? அலைவரிசை தேடி மரத்திலும் பாறையிலும் ஏறிய ஊவா மலைக்கிராமப் பிள்ளைகளின் படங்கள் 2021இல் உலகெங்கும் வெளியாயின. அவற்றை ஊக்கத்தின் சின்னமெனப் போற்றினோர் பலர். பிள்ளையை மரமேற்றிய அமைப்பின் குறையை எண்ணிப் பார்த்தோர் எத்தனைபேர்?

இங்கே ஓர் அறச்சிக்கல் எழுகிறது. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இருபதின்மர் கையிற் கருவி உண்டு எனக் கொள்வோம். எஞ்சிய பதின்மருக்கு இல்லை என்பதற்காக இருபதின்மருக்கும் பாடத்தை மறுப்பது நீதியா? அன்று. அனைவரையும் இருளில் வைத்தலைச் சமத்துவம் எனக் கூறுவோர் சமத்துவத்தை அறியாதவர். ஆதலின், எட்டியவர்க்குக் கற்பித்த ஆசிரியர் தவறிழைத்தவர் அல்லர். தம் பணத்தைச் செலவிட்டுக் கற்பித்த ஆசிரியர்களை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். ஆயின், பதின்மரை எட்டாத பாடத்தை 'முடிந்த பாடம்' என ஏட்டில் எழுதி, அதன் மீதே முப்பதின்மருக்கும் ஒரே தேர்வு வைப்பது அநீதி. கற்பித்தது குற்றமன்று, எல்லோர்க்கும் கற்பித்தாயிற்று எனக் கணக்கு எழுதியதே குற்றம்.

அவ்வாறாயின் பிள்ளைதோறும் ஒரு கணினி கொடுத்துவிட்டாற் போதுமா? பெரு நாடு அதனைச் செய்து பார்த்தது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அங்கே வழங்கப்பட்டன. நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடத்தப்பெற்று 2012இல் வெளியான ஆய்வோ, கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி உயரவில்லை எனக் காட்டிற்று. கருவி வந்தது, அதனைப் பாடமாக்கும் ஆசிரியப் பயிற்சி உடன் வரவில்லை. நம் நாட்டிலும் 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை மறத்தற்கில்லை. மின்சாரம் நின்றால் நின்றுபோகும் கல்வியை மட்டும் நம்பியிருப்பது பேதைமை.

கணினி வேண்டாம் என்பதன்று நம் கருத்து. அறிவியல் கற்பித்த விபுலானந்தரே யாழ் நூலும் இயற்றினார். புதுமை நம் மரபுக்குப் பகையன்று. படுவான்கரைப் பிள்ளை தான் காணாத கடலடியையும் விண்மீன் மண்டலத்தையும் திரையிற் காண்பதில் என்ன தீங்கு? நாம் வேண்டுவது உடைமை பற்றிய தெளிவு. கரும்பலகையை எந்தத் தந்தையும் விலைகொடுத்து வாங்கியதில்லை. அது பாடசாலையின் சொத்து. கடைசி வாங்கிற் பிள்ளைக்கும் அதில் உரிமை உண்டு. கணினியும் இணைய இணைப்பும் அவ்வாறே பாடசாலையின் பொதுச்சொத்தாக வேண்டும். கட்டாயப் பாடம் எதுவும் எல்லாப் பிள்ளைகளும் செல்லக்கூடிய வழியிலேயே வரவேண்டும். கருவி அதற்கு மேலதிகத் துணையாகட்டும்.

மண்முனைத் துறையில் 'பாதை' எனும் மிதவைக்குக் காத்திருந்த மக்களுக்கு 2014இல் பாலம் கிடைத்தது. அவரவர் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாலம் சுமந்து வருக என எவரும் அன்று சொல்லவில்லை. வாவியின் மேல் நாம் ஏற்றுக்கொண்ட அந்நீதியை வகுப்பறையில் மறுப்பது எங்ஙனம் பொருந்தும்? படுவான்கரைப் பாடசாலையில் ஒரு கணினி அறை, அதனை இயக்கப் பயின்ற ஓர் ஆசிரியர், கட்டணமற்ற ஓர் இணைப்பு: இவற்றைக் கேட்பது சலுகை கேட்பதன்று. 1945இல் தரப்பட்ட வாக்கை நிறைவேற்றக் கேட்பதேயாகும்.