ஒரு நாளுக்கு ஒரு மலை போதும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு குடும்பம் நுவரெலியாவுக்குப் புறப்பட்டால், வானில் சாப்பாட்டுப் பார்சலோடு ஒரு நீண்ட பட்டியலும் ஏறிவிடும். றம்பொடை ஆஞ்சநேயர், தேயிலைத் தொழிற்சாலை, சீதா எலிய, ஹக்கல பூங்கா. எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு இரவே காலி வீதிக்குத் திரும்பிவிட வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து போகிறவர்களும் அப்படித்தான். லீவு குறைவு, வான் வாடகை கூட. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பழக்கத்துக்கு ரியூனியன் தீவு இடங்கொடுக்காது. மொரீஷியசுக்கு அயலில், பிரான்சின் ஆட்சியிலுள்ள அந்தத் தீவு முழுவதும் எரிமலை எழுப்பிய நிலம். அதன் பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை இன்றும் அடிக்கடி குமுறுகிறது. 2007 ஏப்ரலில் அதன் உச்சிக் குழி ஏறத்தாழ 300 மீற்றர் உள்ளே இடிந்து இறங்கியது. எரிகுழம்பு கரையோரப் பெருந்தெருவை மூடிக்கொண்டு போய்க் கடலில் விழுந்தது.

அங்கே நாளை வகுப்பது மேகம். கடலிலிருந்து எழும் ஈரக்காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்து, பல நாட்களில் நண்பகலுக்கு முன்னரே மலையை மூடிவிடும். ஆகவே இருட்டோடு புறப்பட வேண்டும். சிவனொளிபாதமலைக்கு நள்ளிரவில் ஏறியவர்களுக்கு இது புதிதல்ல. அந்த உச்சி 2,243 மீற்றர். ரியூனியனில் எரிமலை விளிம்பில் கார் போய் நிற்கும் பா த பெல்கோம்ப் 2,311 மீற்றர். சுவெற்றர் இல்லாமல் போகக் கூடாது.

பலர் அந்த விளிம்பில் நின்று படம் எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறார்கள். இவ்வளவு செலவழித்து வந்தோம், இனி எப்போது வரப்போகிறோம் என்ற பதைப்புத்தான் காரணம். அந்தப் பதைப்பே பார்க்க வந்ததைப் பார்க்க விடாமல் செய்கிறது. படிகளில் இறங்கி, பாறையில் பூசிய வெள்ளை அடையாளங்களைப் பின்பற்றி நடந்தால் காலடியில் நிலம் மாறும். முறுக்கிய கயிறு போல் உறைந்த எரிகுழம்பு, அதன் வெடிப்புக்குள் சாம்பல் நிறப் பாசி, சற்றுத் தள்ளி ஃபோர்மிக்கா லேயோ என்னும் சிறு செந்நிறக் கூம்பு. இதற்கு ஒரு காலைப் பொழுது முழுவதும் கொடுக்கலாம்.

பிற்பகலுக்குத் தென்கரையின் சென் பியர் போதும். அங்கே நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தோர் கும்பிடும் கோயில். நம் மலையகத் தோட்டங்களுக்கு வந்தவர்களும் அதே காலத்தவர்தாம். இன்று ரியூனியன் தமிழர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. ராமசாமி போன்ற பெயர்கள் மட்டும் குடும்பப் பெயராக நிலைத்திருக்கின்றன. கொழும்புத் தமிழர் ஒருவர் அங்கே பத்து நிமிடத்தில் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவது சரியல்ல.

நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள் உள்ள சிலாவோஸ் மலைப்பாதையை அதே நாளில் சேர்க்காதீர்கள். எரிமலை வெடிக்கும் அறிகுறி தெரிந்தால், பா த பெல்கோம்பிலிருந்து கீழே இறங்கும் வாயிலை அடைத்துவிடுவார்கள். அது திறந்திருக்கிறதா என்று முதல் நாள் மாலையே விசாரித்துக்கொள்ளுங்கள்.