தவறவிட்டது யார்?

2014 நவம்பர் 15, சனிக்கிழமை. ரஷ்யாவின் சோச்சி நகரில் உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம். கார்ல்சனும் ஆனந்தும் 2.5–2.5 என்று சமமாக நின்றார்கள். நான் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில், யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லும் கணினியின் மதிப்பீட்டு எண். வெள்ளையில் ஆடிய கார்ல்சன் மெல்ல மெல்ல ஆனந்தை நெருக்கிக்கொண்டிருந்தார். 26ஆவது நகர்த்தலில் ராஜாவை டி2 கட்டத்தில் வைத்தார். எண் சட்டென்று ஆனந்த் பக்கம் சாய்ந்தது.

குதிரையால் இ5 சிப்பாயை வெட்ட வேண்டும். அவ்வளவுதான். பதிலுக்கு வெள்ளை ஒரு யானையை வெட்டும். ஆனால் குதிரை இன்னொரு சிப்பாயையும் வெட்டியபடி ராஜாவுக்குச் செக் சொல்லும். யானையைப் பிறகு நிதானமாகத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இரண்டு சிப்பாய் லாபம். "வெட்டுங்க சார், வெட்டுங்க!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். சுமார் ஒரு நிமிடம். ஆனந்த் ஓரத்துச் சிப்பாயை ஏ4க்குத் தள்ளினார். 38ஆவது நகர்த்தலில் தோற்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கடிகாரத்தில் நேரம் இருந்தது. 40 நகர்த்தல்களுக்கு 120 நிமிடம். அதில் இன்னும் நிறையவே மீதி. நேர நெருக்கடி என்ற சாக்குக்குக்கூட இடமில்லை.

ஏழு வருடம் கழித்து, 2021 டிசம்பர் 3, துபாய். மறுபடியும் ஆறாவது ஆட்டம், கார்ல்சனும் நெபோம்னியாச்சியும். முதல் ஐந்தும் டிரா. அந்தப் போட்டியில் 60ஆவது நகர்த்தல் முடியும்வரை கூடுதல் விநாடிகள் கிடையாது. 40ஆவது நகர்த்தல் நெருங்கும்போது இருவர் கடிகாரத்திலும் சில நிமிடங்களே. கார்ல்சனுக்கு ஒரு வாய்ப்பு வந்து போனது. நெபோவுக்கும் வந்து போனது. இரண்டு பேரும் எடுக்கவில்லை. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. "பாவம், டைம் இல்லை" என்றேன்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறுத்தியது. நேரம் இருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்பது என் கணக்கு. அப்படியென்றால் சோச்சியில் ஏன் படவில்லை?

செஸ் புத்தகங்களில் புதிர்கள் வரும். கீழே "வெள்ளை ஆடி வெல்கிறது" என்று போட்டிருக்கும். அந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிடுகிறது. இங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் தேடுவோம், தேடினால் கிடைக்கும். ஆட்டத்தில் அந்த வரியை யாரும் எழுதிவைப்பதில்லை. எனக்கு அது எண்ணாகத் திரையில் ஓடியது. ஆனந்துக்கு எதிரே இருந்தது கார்ல்சனின் முகம் மட்டும். கார்ல்சனோ தன் தவறை உடனே உணர்ந்துவிட்டார். அந்த ஒரு நிமிடம் அதைக் காட்டிக்கொள்ளாமல் உட்கார வேண்டியிருந்தது. பரிசை எதிர்பார்க்காதபோது சில சமயம் அதை எடுத்துக்கொள்ளத் தோன்றுவதில்லை என்ற பொருளில் ஆனந்த் பிறகு சொன்னார். அவ்வளவு நேரம் தற்காத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, இப்போது தாக்கலாம் என்ற எண்ணமே முதலில் வர வேண்டும். அதைக் கடிகாரம் கொடுக்காது.

அப்படியானால் யாரையும் எதற்கும் குறை சொல்லக் கூடாதா? அதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. செஸ் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கே சொல்லித் தருவது, எதிராளி காயை வைத்ததும் "இதை ஏன் ஆடினான், இதனால என்ன மாறிச்சு?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது. சோச்சியில் அதற்கு நேரம் இருந்தது. அதைக் கேட்காததற்கு ஆட்டக்காரர் பொறுப்பேற்கத்தான் வேண்டும். துபாயில் அந்தக் கேள்விக்கே நேரமில்லை. அவசரம் முதலில் பறிப்பது நம் சந்தேகத்தை. ஏற்கெனவே ஆட நினைத்ததை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறோம். ஆனால் கேள்வியைக் கேட்காமல் விட்டது வேறு, கையில் இருந்ததைத் தூக்கி எறிந்தது வேறு. நான் ஆனந்த்மேல் சுமத்தியது இரண்டாவதை. அது அவர் கையில் இருந்ததே இல்லை. என் திரையில்தான் இருந்தது.

இதைச் செஸ்ஸோடு நிறுத்த முடியவில்லை. நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பு, ஊரப்பாக்கம் பக்கம் ஒரு கிரவுண்டு அப்பாவைத் தேடி வந்தது. அவர் வாங்கவில்லை. வேலைக்குப் போய் வாடகை கட்ட ஆரம்பித்த பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, "அன்னிக்கே வாங்கியிருந்தா இன்னிக்கு நாம எங்கயோ இருப்போம்பா" என்றேன். அப்பா கோபப்படவில்லை. "உங்க அம்மா அப்ப ஆஸ்பத்திரியில இருந்தாடா. ரெண்டு நாள்ல பதில் சொல்லுங்கன்னாங்க. எனக்கு அந்த ரெண்டு நாளும் வேற எதுவும் ஞாபகமில்ல" என்றார். இருபது வருடத்து நில விலை எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது மருந்துச் சீட்டு. நான் அதே எண்ணை வைத்துக்கொண்டுதான் அவரையும் பார்த்திருக்கிறேன்.

ஆனந்த் ஏ4 ஆடியவுடனேயே தான் விட்டதைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகும் பன்னிரண்டு நகர்த்தல்கள் ஆட வேண்டியிருந்தது. நேர நெருக்கடி என்று நான் இப்போது நினைப்பது அதைத்தான். போனதை நினைக்கிற ஒவ்வொரு விநாடியும் அடுத்த நகர்த்தலின் கணக்கிலிருந்துதான் கழிகிறது. தவறை ஆராயத்தான் வேண்டும், ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு. துபாய் ஆட்டத்தில் இதன் இன்னொரு முகம் உண்டு. இரண்டு பேரும் வாய்ப்பை விட்ட பிறகும் அது 136 நகர்த்தல்கள் வரை போனது. உலக சாம்பியன்ஷிப் வரலாற்றிலேயே நீளமான ஆட்டம். விட்டதை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த கார்ல்சனுக்குக் கடைசியில் வெற்றி கிடைத்தது. ஆனால் எப்போதும் அப்படிக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். சோச்சியில் ஆனந்த் போட்டியை 4.5–6.5 என்று இழந்தார்.

அதற்கு நடுவில், நவம்பர் 17 அன்று ஏழாவது ஆட்டம். ஒரு காயைக் கொடுத்து இரண்டு சிப்பாய்களை வாங்கிக்கொண்டு, ஜெயிக்க வழியே இல்லாத ஒரு நிலையை ஆனந்த் காத்து நின்றார். 122 நகர்த்தல்கள். டிரா. இரண்டு நாள் முன்பு அப்படியொரு வாய்ப்பை விட்ட மனிதர் ஆடிய ஆட்டம் அது.

நான் அதைப் பார்க்கவில்லை. ஆறாவது ஆட்டத்தோடு கோபித்துக்கொண்டு லேப்டாப்பை மூடிவிட்டிருந்தேன்.