போர்டில் யார் பேர் முதலில்?

வள்ளியூரில் எனக்குத் தெரிந்த இரண்டு பாத்திரக்கடை அண்ணாச்சிகள். பல வருடப் பழக்கம். ஒருவருக்குப் பெரிய கடை, மற்றவருக்கு அதில் பாதிகூட இருக்காது. கல்யாணச் சீருக்கு நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் ஓடுகிற கூட்டத்தை ஊரிலேயே நிறுத்திவிடலாம் என்று, சேர்ந்து ஒரே கடையாகப் போட முடிவெடுத்தார்கள். பி.காம். படித்தவனாச்சே என்று பத்திரம் எழுதும்போது என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

லாபத்தில் யாருக்கு எவ்வளவு? பத்தே நிமிஷத்தில் பேசி முடித்தார்கள். அதில் எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டால்கூட, 'சரிபாதி' என்கிறது 1932-ம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டம். ஆனால், போர்டில் யார் பேர் முதலில்? அதற்கு எந்த செக்‌ஷனும் இல்லை. மூன்று வாரம் இழுத்தது.

நான் சின்னக் கடைக்காரரிடம் போய், "விட்டுக்கொடுங்க அண்ணாச்சி, வெறும் பேர்தானே" என்றேன்.

"கடை சிறுசுதான் தம்பி. ஆனா அது எங்கப்பா பேருல்லா" என்றார். மறுநாள் கூட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

பேர் வாங்கியவர்கள் ஒன்று சேர்வது எங்கேயும் சிக்கல்தான். மேல்நாட்டு இசையில் இதற்கு 'சூப்பர் குரூப்' என்று பெயர். 1988-ல் பாப் டிலன், ஜார்ஜ் ஹாரிசன், ராய் ஆர்பிசன், டாம் பெட்டி, ஜெஃப் லின் என ஐந்து ஜாம்பவான்கள் 'டிராவலிங் வில்பரீஸ்' என்று சேர்ந்தார்கள். ஆல்பத்தில் ஒருவரும் சொந்தப் பேரைப் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோருமே வில்பரி சகோதரர்களாம்! வம்பே வேண்டாம் என்று பேரையே கழற்றி வைத்துவிட்டார்கள்.

நம் பக்கத்தில் வேறு வழி. 1952-ல் நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 'பணம்' படத்துக்கு இரண்டு இளைஞர்களை இசையமைக்க வைத்தார். வயதில் மூத்தவர் ராமமூர்த்தி. ஆனால், டைட்டிலில் 'விஸ்வநாதன் - ராமமூர்த்தி'. சின்னவர் முன்னால் நிற்கட்டும், பெரியவர் பின்னால் தாங்கிக்கொள்ளட்டும் என்று கலைவாணர்தான் சொன்னார் என்பார்கள். 1965-ல் பிரிகிற வரைக்கும் அந்த வரிசை மாறவில்லை.

1986. 'மெல்லத் திறந்தது கதவு'. எம்.எஸ்.வி.யின் அலை ஓய்ந்திருந்த நேரம். இளையராஜா உச்சியில். அந்தப் படத்தில் மெட்டுகளைப் பெரும்பாலும் எம்.எஸ்.வி. போட, வாத்திய இசையை இளையராஜா கோத்தார். தனியாகவே ஒரு படத்தைத் தூக்கி நிறுத்தக்கூடியவர், இன்னொருவர் மெட்டுக்குப் பக்கபலமாக உட்கார்ந்தார்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு இடத்திலும் பின்னால் போனவர் யார்? ஒரு இடத்தில் வயதில் பெரியவர். இன்னொரு இடத்தில் மார்க்கெட்டில் பெரியவர். இருக்கிறவர் இறங்கினால் அது பெருந்தன்மை. இல்லாதவரிடம் போய் 'இறங்கு' என்றால்? அதற்குப் பேர் வேறு.

நான் ஏன் சின்னக் கடைக்குப் போனேன்? நியாயம் அங்கே இருந்ததால் இல்லை. அவரைச் சம்மதிக்கவைப்பது சுலபம் என்று நினைத்ததால். பெரிய கடை அண்ணாச்சியிடம் அதே வார்த்தையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருவேளை அவர் சரி என்றே சொல்லியிருப்பாரோ என்னவோ.

நான் தட்டியது தப்பான கதவை.